குறைமாதக் குழந்தைகள் வீட்டுக்கு வந்தபின் வரும் முதல் பண்டிகை

எங்கள் இரட்டையர் 29-வது வாரத்தில் பிறந்தார்கள். பெரியவன் 1 கிலோ 180 கிராம், சின்னவள் 960 கிராம். 67 நாள் என்ஐசியுவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். வந்த ஆறாவது வாரம் பண்டிகை. இத்தனை நாள் யாரையும் கிட்டே விடாமல் வைத்திருந்தோமே என்ற குறுகுறுப்பில் "எல்லாரும் வாங்க" என்று சொல்லிவிட்டோம். பதினாலு பேர் வந்தார்கள். ஒருவருக்கு மட்டும் லேசாக மூக்கு ஒழுகியது. "தூசி அலர்ஜிப்பா, ஒண்ணுமில்ல" என்றார். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் சின்னவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மறுபடியும் ஆறு ராத்திரி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஆஸ்பத்திரிப் படுக்கை.

வந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆர்எஸ்வி என்கிற வைரஸ் பெரும்பாலான பெரியவர்களுக்குச் சாதாரண ஜலதோஷமாகத்தான் வந்துபோகும், அது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். இரண்டு மாதம் கழித்து அடுத்த பண்டிகை வந்தபோது எல்லாவற்றையும் மாற்றிச் செய்தோம். முதல் தடவை சொதப்பியதையும் இரண்டாம் தடவை சரியாக வந்ததையும் சேர்த்துத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்கள் குழந்தையின் மருத்துவர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். உங்கள் குழந்தையின் நுரையீரலைப் பார்த்தவர் அவர், நான் இல்லை.

1. வயதைக் கணக்குப் போடுங்கள்

37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020-இல் மட்டும் சுமார் 1.34 கோடி குழந்தைகள் இப்படிப் பிறந்திருக்கின்றன. ஏறத்தாழ பத்துக்கு ஒன்று. ஆனால் உங்கள் வீட்டுக் கூட்டத்தில் இதைப் பற்றித் தெரிந்தவர் அநேகமாக நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். அதனால் கேள்விகளுக்குத் தயாராக இருங்கள்.

இந்தக் குழந்தைகளுக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று பிறந்த தேதியிலிருந்து எண்ணுவது. மற்றது, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்தார்களோ அதைக் கழித்துவிட்டு எண்ணும் திருத்திய வயது. தடுப்பூசி பெரும்பாலும் பிறந்த தேதிப்படி. தலை நிற்பது, சிரிப்பது, குப்புற விழுவது எல்லாம் திருத்திய வயதுப்படி, சுமார் இரண்டு வயது வரைக்கும்.

முதல் பண்டிகையன்று என் பெரியம்மா பெரியவனை உற்றுப் பார்த்துவிட்டு, "நாலு மாசம் ஆகப்போகுதே, முகம் பார்த்துச் சிரிக்கலையா?" என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. எனக்குத்தான் அடிவயிறு கலங்கிவிட்டது. அன்றைக்கு அவன் பிறந்து கிட்டத்தட்ட பதினாறு வாரம். பதினொன்றைக் கழித்தால் ஐந்து வாரம்கூட ஆகவில்லை. முகம் பார்த்துச் சிரிப்பதே பொதுவாக ஆறு வார அளவில்தான் வரும். இந்தக் கழித்தலை ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். கேட்பவருக்குச் சொல்ல மட்டும் இல்லை, அந்த நேரத்தில் நமக்கே கணக்கு மறந்துபோகும்.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தாயின் உடம்பில் இருக்கும் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். அந்த மூன்று மாதத்தை இவர்கள் வயிற்றுக்குள் கழிக்கவில்லை. "எடைதான் ஏறிடுச்சே, இன்னும் என்ன பயம்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

2. மூன்று வாரம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள்

பண்டிகைக்கு முந்தின நாள் போன் போட்டால் பயனில்லை. தடுப்பூசி போட்டு அது வேலை செய்ய ஆரம்பிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அதனால் குழந்தையைத் தூக்கப் போகிறவர்கள் போட்டுக்கொள்வதுதான் ஒரே வழி. கக்குவான் இருமலுக்கும் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறது. வீட்டோடு இருப்பவர்கள், தாத்தா பாட்டி, உதவிக்கு வருகிறவர் ஆகியோராவது போட்டுக்கொள்ளட்டும்.

ஆர்எஸ்விக்கு எதிராக நிர்செவிமாப் என்று ஒரு ஊசி இருக்கிறது. இது தடுப்பூசி அல்ல, தயாராக இருக்கும் எதிர்ப்புப் பொருளையே நேராகச் செலுத்துவது. ஒருமுறை போட்டால் குறைந்தது ஐந்து மாதத்துக்குப் பாதுகாப்பு. அதற்கு முன்பு மாதாமாதம் போடும் பாலிவிசுமாப் என்ற ஊசி பயன்பட்டு வந்தது. உங்கள் குழந்தைக்கு நிர்செவிமாப் பொருந்துமா, உங்கள் பகுதியில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

அதே சந்திப்பில் இதையும் கேட்டுவிடுங்கள்: எத்தனை பேர் வரை வீட்டுக்கு வரலாம்? வெளியே கூட்டிப்போகலாமா? விடுமுறை நாளில் யாரைக் கூப்பிட வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவோம். பண்டிகை நாளில் வழக்கமான கிளினிக் பூட்டியிருக்கும். புறநோயாளிப் பிரிவு இருக்காது, அவசரப் பிரிவு மட்டும்தான். அங்கே இருக்கும் மருத்துவருக்கு உங்கள் குழந்தையைத் தெரியாது. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியைப் படமெடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து சொட்டு மருந்து, விட்டமின் சொட்டு மருந்து, மருந்து அளக்கும் சிரிஞ்சு, தெர்மாமீட்டருக்கு பேட்டரி, டயப்பர் எல்லாம் விடுமுறை முடிந்து இன்னும் நாலு நாளைக்கு வருமா என்று பாருங்கள். வீட்டில் ஆக்சிஜன் இருந்தால் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் விடுமுறை தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் அனுமதி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்: உறவினரிடம் அவர் பெயரைச் சொல்லிக்கொள்ள. எங்கள் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "பழியெல்லாம் என் மேல போடுங்க, நான் தாங்குவேன்" என்றார். அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் எத்தனை மனத்தாங்கலைத் தடுத்தது என்பது அவருக்கே தெரியாது.

3. பண்டிகையைச் சின்னதாக வெட்டுங்கள்

இருவரும் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பண்டிகையில் எது இல்லாவிட்டால் பண்டிகை மாதிரியே இருக்காது? என் கணவருக்கு அது அவர் அம்மாவோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. எனக்குக் காலையில் வீட்டை அலங்கரிப்பது. அந்த இரண்டை வைத்துக்கொண்டு மீதியை எல்லாம் விட்டுவிட்டோம். விட்டதில் முக்கால்வாசியை நான் தேடவேயில்லை.

கூட்டத்தை ஒரே நாளில் வரவழைக்க வேண்டாம். இரண்டாம் தடவை நாங்கள் ஒரு வாரத்துக்குப் பரப்பினோம். ஒரு நாளைக்கு ஒரு வீட்டார், மூன்று நான்கு பேர், ஒன்றரை மணி நேரம். இரண்டு சந்திப்புக்கு நடுவில் ஒரு நாள் இடைவெளி. பள்ளிக்கூடம் போகும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டாரை மட்டும் தள்ளிப்போட்டோம். சளி அதிகம் பரவுவது பிள்ளைகளிடமிருந்துதான். அவர்கள் வீடியோ அழைப்பில் வந்து குழந்தைகளுக்குப் பாட்டுப் பாடினார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கும் வீடியோதான். ஆனால் நேரம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பால் கொடுக்கும் நேரத்தில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் திரையில் வந்து கத்துவது தனிக் கொடுமை.

வெளியூர் போக வேண்டுமென்றால் யோசித்துச் செய்யுங்கள். காரில் குழந்தை இருக்கையில் பாதி சாய்ந்த நிலையில் இருக்கும்போது குறைமாதக் குழந்தையின் தலை முன்னால் தொங்கி மூச்சுப் பாதை நசுங்கலாம். அதனால்தான் சில ஆஸ்பத்திரிகளில் டிஸ்சார்ஜுக்கு முன்பே இருக்கையில் உட்காரவைத்து ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறார்கள். பின்சீட்டில் ஒருவர் குழந்தையைப் பார்த்தபடியே இருக்கட்டும், அடிக்கடி நிறுத்துங்கள், போய்ச் சேர்ந்ததும் அந்த இருக்கையிலேயே தூங்கவிடாதீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போல ஆகலாம். நுரையீரல் பிரச்சினை இருந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். என்னைக் கேட்டால், முதல் பண்டிகைக்கு வீட்டிலேயே இருப்பது நல்லது.

4. செய்தியை முன்கூட்டியே அனுப்புங்கள்

வாசலில் வந்து நிற்பவரிடம் "உங்களுக்குச் சளியா?" என்று கேட்க யாருக்கும் வாய் வராது. எங்களுக்கும் வரவில்லை. அதனால் பத்து நாள் முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அவரவர் வீட்டாருக்கு அவரவர் அனுப்புவதுதான் சரி. மாமியாருக்கு மருமகள் விதி சொல்வதையும், மாமனாருக்கு மாப்பிள்ளை சொல்வதையும் தவிர்த்துவிட்டால் பாதிச் சண்டை இல்லை. நாங்கள் அனுப்பியது இது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"எல்லாருக்கும் வணக்கம். குழந்தைகளை உங்ககிட்ட காட்டணும்னு எங்களுக்கும் ரொம்ப ஆசை. ரெண்டு பேரும் ரெண்டரை மாசம் முன்னாடியே பிறந்தவங்க. சாதாரணச் சளியே அவங்களை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க. அதனால சளி, இருமல், காய்ச்சல், வாந்தி பேதி யாருக்காவது இருந்தா, இல்ல வீட்ல வேற யாருக்காவது இருந்தாலும், இந்தத் தடவை வேண்டாம். சரியானதும் நாங்களே கூப்பிடுறோம். வந்ததும் கை கழுவிட்டு உட்காருவோம். முத்தம் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்."

ஒரு அத்தை மட்டும் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். "நாங்கல்லாம் புள்ள வளர்க்கலையா?" என்றார். என் கணவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சின்னவள் ஆக்சிஜனோடு படுத்திருந்த படத்தைக் காட்டினார். அப்புறம் அவரே மற்றவர்களுக்கு விதி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

5. அன்றைய தினம்

வாசலுக்கு ஒரு ஆள் வேண்டும். அது தாயாக இருக்கக்கூடாது. கையில் குழந்தை வைத்திருப்பவரும் வேண்டாம். முகம் சுளிக்காமல், சிரித்த முகத்தோடு "வாங்க, கை கழுவிட்டு வந்துடலாம்" என்று சொல்லத் தெரிந்த ஒருவர். எங்கள் வீட்டில் அது என் தம்பி. சோப்புப் போட்டு 20 விநாடி. சானிடைசர் என்றால் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருப்பது. செருப்பு கழற்றும் இடத்திலேயே சானிடைசரை வைத்தால் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. போனைத் தொட்டுவிட்டுக் குழந்தையைத் தொட்டால் கழுவியது வீண். படம் எடுக்கப் போகிறவர் படம் மட்டும் எடுக்கட்டும்.

சிகரெட் பிடித்துவிட்டு வந்தவர் சட்டை மாற்றி, கை வாய் கழுவிவிட்டுத்தான் தூக்க வேண்டும். புகையின் மிச்சம் துணியில் ஒட்டியிருக்கும். ஊதுவத்தி, வாசனை மெழுகுவத்தி, ஸ்பிரே, தூக்கலான சென்ட் எல்லாம் குழந்தை இருக்கும் அறைக்கு வெளியே. உதட்டோரத்தில் நீர்க்கொப்புளம் வந்திருப்பவர் குழந்தையின் பக்கமே வர வேண்டாம். பச்சிளம் குழந்தைக்கு அந்தக் கிருமி உயிருக்கே ஆபத்தாகலாம். முத்தம் வேண்டாம் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக்சிஜன் வைத்திருக்கும் குழந்தை என்றால் விளக்கு, மெழுகுவத்தி, அடுப்பு, நெருப்புப் பொறி எதுவாக இருந்தாலும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆக்சிஜன் துணியிலும் தலைமுடியிலும் தங்கும். குழாயைக் கழற்றிய உடனே தீயின் பக்கம் தூக்கிப் போகக்கூடாது. குழாய் இருக்கும் இடத்தில் மூக்கைச் சுற்றி வாசலின் மாதிரியான பெட்ரோலியக் களிம்பு தடவ வேண்டாம். வேறு என்ன தடவலாம் என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் விருந்தினர் மனசு நோகுமோ என்று பார்க்கவே கூடாது.

"ஒரு நிமிஷம் குடுங்க, தூக்கிட்டுத் தந்துடறேன்" என்ற வரிசையைத் தடுக்க நான் கண்டுபிடித்த வழி, குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது. கங்காரு பராமரிப்பு என்று என்ஐசியுவில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் போனதால் தொடங்கிய முறை அது. இன்று உலக சுகாதார நிறுவனமே குறைமாதக் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் கேட்காமலே தூக்குவார்கள். நெஞ்சில் கட்டியிருக்கும் குழந்தையைக் கேட்கவே தயங்குவார்கள். முகம் மூடாமல், நாடி நெஞ்சில் படியாமல், நீங்கள் குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் குழந்தையின் எடைக்கு எந்தத் துணிக்கட்டு சரி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டையர் என்றால் ஆளுக்கொருவர்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என்ஐசியுவில் சத்தம் 45 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் சொன்ன அளவு. நாம் சாதாரணமாகப் பேசுவதே 60 வரும். எட்டுப் பேர் கூடிச் சிரிக்கும் அறை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாமல் போனால் குழந்தை உடனே அழும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்புறம் கொட்டாவி, விக்கல், தும்மல். விரல்களை ஐந்தும் விரியும்படி நீட்டும், "போதும், நிறுத்து" என்பது போல. முதுகு வில்லாக வளையும். தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறும். இதையெல்லாம் பார்த்து "விக்கல் வந்தா வளருதுன்னு அர்த்தம்" என்று யாராவது சொல்வார்கள். தலையாட்டிவிட்டு எழுந்து இருட்டறைக்குப் போய்விடுங்கள். அதற்காக முன்பே ஒரு அறையை ஒதுக்கிவையுங்கள். மங்கிய விளக்கு, மூடிய கதவு, உள்ளே குழந்தையோடு ஒருவர் மட்டும். வெளியே பண்டிகை நடக்கட்டும்.

தூக்கத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்து, தட்டையான கெட்டியான படுக்கையில், தலையணை பொம்மை எதுவும் இல்லாமல். "ஆஸ்பத்திரியில குப்புறத்தானே போட்டிருந்தாங்க?" என்று என் அம்மா கேட்டார். கேள்வி நியாயம்தான். அங்கே கம்பிகள் ஒட்டி மானிட்டர் இருபத்துநாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் அது இல்லை. சாப்பிட்டுக் களைத்த தாத்தா சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்வது படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் சோபாவில் பெரியவரோடு தூங்குவதுதான் பச்சிளம் குழந்தைக்கு மிக ஆபத்தான இடங்களில் ஒன்று. மெதுவாக வாங்கிவிடுங்கள்.

புதுத்துணியைத் துவைத்துவிட்டுப் போடுங்கள். பாசி, ஜிமிக்கி, நாடா தொங்குவது வேண்டாம். இடுப்பளவு சரிகையோடு வந்த ஒரு சட்டையை நாங்கள் மெத்தையில் பரப்பி, பக்கத்தில் குழந்தையைப் படுக்கவைத்துப் படமெடுத்து அனுப்பினோம். கொடுத்தவருக்குத் திருப்தி, குழந்தைக்குத் தோல் சிவக்கவில்லை.

6. பால்

பண்டிகைக்காகப் பால் நேரம் தள்ளிப்போகக்கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று சொல்லி அனுப்பியிருந்தால் விருந்தினர் எழுந்து போகும் வரை காத்திருக்காதீர்கள். இரண்டு குழந்தை என்றால் யாருக்கு எப்போது, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தொங்கவிடுங்கள். கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறை கொடுத்து மற்றவரைப் பட்டினி போட்ட கதை எங்கள் வீட்டிலும் உண்டு. பம்ப் போட்டுப் பால் எடுக்கும் தாய்க்குத் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும். எடுத்த பால் அறை வெப்பத்தில் (25 டிகிரிக்குள்) 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் வரை என்பது பொதுக்கணக்கு. உங்கள் ஆஸ்பத்திரி இதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. விருந்துப் பாத்திரங்கள் நிறைந்த ஃப்ரிட்ஜில் பால் வைக்கும் தட்டை முன்பே காலி செய்துவையுங்கள். "நாக்குல ஒரு சொட்டுத் தேன்" என்று யாராவது கிளம்பினால் தடுங்கள். ஒரு வயது வரை தேன் கூடாது.

7. உங்கள் மனசு

இரண்டாவது பண்டிகையன்று எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாருடைய போனிலோ அலாரம் அடித்தது. மூன்று சின்ன பீப், ஒரு நீள பீப். என்ஐசியு மானிட்டரில் ஆக்சிஜன் இறங்கினால் வரும் அதே சத்தம். கையில் சோற்றோடு எழுந்து ஓடி, குழந்தையின் கால் விரலில் இல்லாத கம்பியைத் தேடினேன். அவள் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால், என் கணவரும் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலும் சோறு.

என்ஐசியுவில் இருந்துவந்த பெற்றோருக்கு இது சகஜம். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அழ நேரம் இருக்காது. வீட்டில் எல்லாரும் சிரிக்கும் நாளில்தான் உடைந்துபோவோம். "அதான் நல்லபடியா வந்துட்டாங்களே" என்பவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் இருவருக்கும் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னால் மற்றவர் விருந்தினரைக் கவனிப்பார், சொன்னவர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் இருந்துவிட்டு வரலாம். தூக்கமே வராமல், பயம் விடாமல், குழந்தை மேல் ஒட்டுதலே வராமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரிடம் அதையும் ஒரு நோயாகவே சொல்லுங்கள். அப்பாக்களுக்கும் இது வரும். அவர்கள் சொல்வது குறைவு, அவ்வளவுதான்.

இரட்டையரில் ஒருவர் வீட்டிலும் ஒருவர் இன்னும் ஆஸ்பத்திரியிலும் இருக்கும்போது பண்டிகை வந்தால், ஒருவர் காலையில் அங்கே, மற்றவர் மாலையில் அங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய கொண்டாட்டத்தை இருவரும் வீட்டில் சேர்ந்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். நாள்காட்டி கோபித்துக்கொள்ளாது. ஒரு குழந்தை திரும்பி வரவே இல்லை என்றால், அந்தப் பெயரை அன்றைக்குச் சொல்லலாமா கூடாதா என்று உறவினர் தவித்துக்கொண்டிருப்பார்கள். சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று நீங்கள் முன்பே தெரிவித்துவிட்டால் அவர்களுக்கும் லேசாகும்.

மூத்த பிள்ளை இருந்தால் அன்றைக்கு ஒரு மணி நேரமாவது குழந்தைகள் இல்லாமல் அவனோடு மட்டும் இருங்கள். அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்த நாள்களில் ஒன்றும் கேட்காமல் இருந்தவன் அவன்தான்.

முடிந்தால் என்ஐசியு நர்ஸ்களுக்குப் படம் ஒன்று அனுப்புங்கள். பண்டிகை நாளிலும் அவர்களுக்கு டியூட்டி இருக்கும். நாங்கள் அனுப்பிய படத்தை அங்கே பலகையில் குத்தி வைத்திருந்ததைப் பின்னால் பார்த்தேன், பக்கத்தில் பிறந்த அன்றைய எடை எழுதி.

8. அடுத்த ஒரு வாரம்

விருந்தினர் போனதோடு வேலை முடியவில்லை. ஆர்எஸ்வி தொற்றிய நான்கு முதல் ஆறு நாளில்தான் அறிகுறி தெரியும். எங்களுக்கு ஐந்தாம் நாள் வந்ததும் அதனால்தான். வந்துபோனவர்களிடம், "ரெண்டு நாள்ல யாருக்காவது சளி பிடிச்சா மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டுவையுங்கள்.

காலை மாலை பாருங்கள். குழந்தை சும்மா இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், அதற்குப் பிறகு ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் போனால் வேகம். விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே குழிவது, மூக்குத் துவாரம் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடு நீலம் பாய்வது, 20 விநாடி மூச்சு நிற்பது: இதில் எது வந்தாலும் யோசிக்காமல் அவசரப் பிரிவு. வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காதது, டயப்பர் நனையாமல் இருப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது ஆகியவற்றுக்கும் அதே நாள் மருத்துவர். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தையை உடனே கொண்டுபோக வேண்டும். உடம்பு 36.5-க்குக் கீழே குளிர்ந்தால் நெஞ்சோடு தோல் படச் சேர்த்து, மேலே போர்த்தி, அரை மணியில் மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் கிளம்புங்கள்.

அவசரப் பிரிவு மேஜையில் இருப்பவர் குழந்தையின் வயது என்ன என்று கேட்பார். "அஞ்சு மாசம்" என்று மட்டும் சொன்னால் ஐந்து மாதக் குழந்தையாகத்தான் பார்ப்பார். "29 வாரத்தில் பிறந்தது, 67 நாள் என்ஐசியுவில் இருந்தது" என்பதை முதலில் சொல்லிவிட்டு, மூக்கு ஒழுகுவதை அப்புறம் சொல்லுங்கள்.